ஒரு புத்தகத்தோடு நிற்காதீர்கள்

வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை புத்தகங்களைப் பற்றியவை. கோயில் மண்டபத்துப் புத்தக அலமாரி என் பொறுப்பில் இருப்பதால், வெள்ளிக்கிழமை பூஜைக்கு வருகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். மற்றக் கேள்விகளை அடுத்த இதழில் பார்ப்போம்.

கேள்வி: டீச்சர், நான் துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். குடும்ப நாவல்கள் நிறையப் படிப்பேன். வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்தால் வருஷமும் பெயருமாக வருகிறது, மூடிவிடுகிறேன். வரலாறு எனக்கு ஒத்துவராதா? (வாசகி, தாமுவே, யாங்கோன்)

பதில்: ஒத்துவரும், தங்கச்சி. ராஜாக்களின் வரிசையிலிருந்து தொடங்க வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்ட ஏதாவது ஒன்றிலிருந்து தொடங்குங்கள். பர்மாத் தமிழர் வீடுகளில் அநேகமாக எல்லாரும் கேட்டு வளர்ந்தது 1942 நடைப்பயணம். 1941 டிசம்பர் 23இல் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அடுத்த மார்ச்சில் நகரம் விழுந்தது. கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும், மணிப்பூர், அஸ்ஸாம் மலைகள் வழியாகவும் நடந்தார்கள். கிளம்பியவர்கள் ஏறக்குறைய 5 லட்சம் பேர். காலராவிலும் பசியிலும் வழியிலேயே இறந்தவர்கள் பல்லாயிரம்.

முதலில் வெ. சாமிநாத சர்மாவின் 'எனது பர்மா வழிநடைப் பயணம்' படியுங்கள். 1932இல் ரங்கூனுக்கு வந்து, பிறகு இங்கே 'ஜோதி' மாத இதழை நடத்தியவர் அவர். பிளாட்டோவையும் ரூசோவையும் தமிழில் தந்த மனிதர், தன் மனைவியோடு ஊரை விட்டுக் கிளம்பி நடந்த கதையை இதில் சொல்கிறார். நாவல் படிக்கிற வேகத்தில் போகும். அடுத்து செ. முஹம்மது யூனூஸின் 'எனது பர்மா குறிப்புகள்'. ரங்கூனில் பிறந்து, 1966இல் ஹாங்காங் போனவர். அவர் பேசப் பேச மு. இராமனாதன் எழுதித் தொகுத்தார். யுத்தத்துக்குப் பிறகும் இங்கே இருந்தவர்களின் வாழ்க்கை அதில் கிடைக்கும்.

அப்புறம் நாவலுக்கு வாருங்கள். ஹெப்சிபா ஜேசுதாசனின் 'மா-னீ' பர்மாவைக் களமாகக் கொண்டது. ஆங்கிலம் படிப்பீர்களானால் அமிதவ் கோஷ் 2000இல் எழுதிய 'தி கிளாஸ் பேலஸ்' இருக்கிறது. 1885இல் மண்டலையில் தொடங்கி, தீபோ மன்னரை ரத்னகிரிக்கு நாடு கடத்தியது, தேக்குக் காடு, மலாயா ரப்பர், 1942 நடை என்று தலைமுறை தலைமுறையாகப் போகும்.

இவ்வளவும் முடித்தபின் ஹியூ டிங்கர் என்ற ஆய்வாளர் இந்த நெடுநடையைப் பற்றி 1975இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் பிடியுங்கள். அரசு யாருக்கு வண்டி கொடுத்தது, யாரை எந்த வழியில் தடுத்து நிறுத்தியது என்று பார்க்கிற கட்டுரை அது. அதிலும் வருஷமும் பெயரும் வரும். ஆனால் இப்போது உங்களுக்குத் தூக்கம் வராது, ஏனென்றால் அந்த வருஷத்தில் நடந்த மனிதர்களை நீங்கள் ஏற்கெனவே சந்தித்திருப்பீர்கள்.

சர்மா ஒரு பத்திரிகை ஆசிரியர், அவரால் எழுத முடிந்தது. ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் நகராட்சியில் கூட்டிப் பெருக்கியவர்களும் அதே பாதையில்தான் நடந்தார்கள். அவர்கள் எழுதிய புத்தகம் எதுவும் நம் அலமாரியில் இல்லை. அவர்கள் எத்தனை பேர், எங்கே நிறுத்தப்பட்டார்கள் என்று அரசு ஆவணங்களில் தேடிச் சொல்ல ஓர் ஆய்வாளர் வேண்டியிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்த ஒரு தாயின் மனசை எழுத ஒரு நாவலாசிரியர் வேண்டியிருக்கிறது. நான் மூன்றையும் கலந்து படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: என் தாத்தா பியாப்போனில் ஒரு செட்டியாரின் வட்டிக் கடையில் அடுத்தாளாக (உதவியாளராக) இருந்தார். செட்டியார்கள் பணம் போட்டுத்தான் பர்மாவில் நெல் விளைந்தது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். என்னோடு வேலை பார்க்கும் பர்மியத் தோழி, "உங்கள் ஆட்கள்தான் எங்கள் நிலத்தைப் பிடுங்கினார்கள்" என்கிறாள். உண்மையைச் சொல்லும் ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள், டீச்சர். (வாசகி, பெகு)

பதில்: அம்மா, ஒரே ஒரு புத்தகம் கேட்டால் என்னால் தர முடியாது. நாலைந்து தருகிறேன், கோபப்படாதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. நம் பிள்ளைகள் இங்கே அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து வாழ வேண்டுமென்றால் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

நடந்தது இதுதான். 1852 யுத்தத்துக்குப் பிறகு கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஐராவதி டெல்டாவின் காடும் சதுப்பும் வெட்டித் திருத்தப்பட்டு நெல் வயலாயின. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவுக்கு அரிசி அனுப்புவது எளிதாயிற்று. காடு திருத்தவும், மாடு வாங்கவும், அறுவடை வரைக்கும் சாப்பிடவும் விவசாயிக்குப் பணம் வேண்டும். ஆங்கிலேய வங்கிகள் சின்ன விவசாயிக்குக் கடன் கொடுக்கவில்லை. செட்டியார்கள் கொடுத்தார்கள், டெல்டாவின் சிற்றூர்களில் எல்லாம் போய்க் கடை வைத்துக் கொடுத்தார்கள். உங்கள் வீட்டில் சொல்வதில் இந்த அளவு உண்மை இருக்கிறது.

1930இல் உலகச் சந்தையில் நெல் விலை சரிந்தது. வாங்கிய கடன் அப்படியே நின்றது, விளைச்சலுக்குப் பணம் வரவில்லை. ஈடு வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்குப் போனது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1938க்குள் அது நூற்றுக்கு 25 பங்கு ஆகிவிட்டது. நாலில் ஒரு பங்கு! எட்டே ஆண்டில் அப்பன் பாட்டன் உழுத நிலத்தில் குத்தகைக்காரனாக நின்றவனின் பேத்திதான் உங்கள் தோழி என்று நினைத்துப் பாருங்கள். அவள் சொல்வதும் பொய் கிடையாது.

இனிப் புத்தகங்கள். 1929-30இல் பர்மா மாகாண வங்கித் தொழிலை விசாரித்த அரசுக் குழு ஒன்று தந்த அறிக்கை இருக்கிறது. செட்டியார்களுக்கென்று ஒரு முழு அத்தியாயமே உண்டு. வட்டி எவ்வளவு, பணம் எங்கிருந்து வந்தது, கடை எப்படி நடந்தது, முதலாளியும் ஏஜெண்டும் எப்படிக் கணக்குத் தீர்த்துக்கொண்டார்கள் என்று எல்லாம் கிடைக்கும். உங்கள் தாத்தாவின் வேலை நாள் எப்படி இருந்திருக்கும் என்பதை வேறு எந்தப் புத்தகமும் இவ்வளவு கிட்டத்தில் காட்டாது. விலை சரிவதற்குச் சற்று முன்னால் எடுத்த விசாரணை என்பதால், பின்னால் வந்த கசப்பு அதில் ஏறவில்லை. எனக்கு இது பொக்கிஷம்.

ஜே. எஸ். பர்னிவால் 1948இல் எழுதிய நூல் அடுத்தது. இங்கே அதிகாரியாக இருந்து, 1910இல் பர்மா ஆராய்ச்சிக் கழகம் உருவாகக் காரணமாக இருந்தவர். பர்மியர், இந்தியர், சீனர், ஐரோப்பியர் எல்லாரும் ஒரே ஊரில் இருந்தும் சந்தையில் மட்டும்தான் சந்தித்துக்கொண்டார்கள், ஒரு சமூகமாகச் சேரவில்லை என்று அவர் எழுதினார். இன்றைக்கு அதைப் படித்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. 1974இல் மைக்கேல் ஆடாஸ் எழுதிய 'தி பர்மா டெல்டா', செட்டியார்களைப் போலவே பர்மியரிலும் கடன் கொடுத்தவர்கள் இருந்ததைக் காட்டுகிறது. புதிதாகத் திருத்த நிலம் தீர்ந்துபோனதும் நெருக்கடி எப்படி முற்றியது என்றும் விளக்குகிறது. 2009இல் ஷான் டர்னல் எழுதிய 'ஃபியரி டிராகன்ஸ்' பர்மாவின் வங்கி வரலாறு. செட்டியாருக்கு நிலம் வேண்டியிருக்கவில்லை, திருப்பித் தரும் பணம்தான் வேண்டியிருந்தது என்பது அவருடைய பார்வை. கணக்கு வழக்கைப் பார்த்தால் அவர் சொல்வது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. அதற்காக நிலம் இழந்தவனின் துக்கம் குறையாது, அதை டர்னலிடம் தேடவும் கூடாது.

அதற்குத்தான் கடைசிப் புத்தகம்: ஜர்னல் ஜோ மா மா லே 1955இல் எழுதிய 'மோன் யுவே ம ஹு' என்ற பர்மிய நாவல். வே வே என்ற டெல்டாப் பெண், ஆங்கிலேய அரிசிக் கம்பெனியில் வேலை பார்க்கும், ஆங்கிலேயரைப் போலவே வாழ நினைக்கும் ஒரு பர்மியரைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். அன்பு என்ற பெயரிலேயே அவளுடைய சாப்பாடு, உடை, பழக்கம் ஒவ்வொன்றும் மாற்றப்படுகின்றன. வட்டிக் கணக்கெல்லாம் இதில் வராது. அந்நிய ஆட்சியும் வியாபாரமும் ஒரு பர்மிய வீட்டுக்குள் நுழைந்தபோது உள்ளே இருந்தவர்களுக்கு எப்படி மூச்சு முட்டியது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். ஆங்கில மொழிபெயர்ப்பு 1991இல் வந்தது, ஆனால் நமக்கு அது எதற்கு? நாம் பர்மிய மொழியில் பள்ளிக்கூடம் படித்தவர்கள். பாடப்புத்தகம் முடிந்ததும் பர்மிய இலக்கியத்தை அப்படியே விட்டுவிடுகிறோம். இது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். தோழியிடமே இந்த நாவலைக் கடன் கேளுங்கள். படித்துவிட்டு அவளோடு பேசுங்கள். உங்கள் தாத்தா கதையை அதற்குப் பிறகு சொல்லுங்கள்.

கேள்வி: நாவல் படிப்பது நேரத்தை வீணாக்குவது, ஆய்வு நூல் மட்டும் படி என்கிறார் என் மாமனார். உங்கள் கருத்து? (வாசகி, திங்கான்ஜூன்)

பதில்: 1931 மக்கள்தொகைக் கணக்கின்படி ரங்கூன் மக்களில் பாதிக்கும் மேல் இந்தியர்கள். இந்த எண்ணை ஆய்வு நூலில் பார்க்கலாம். தன் சொந்த ஊரின் பெரிய தெருக்களில் தன் மொழியைக் கேட்க முடியாத ஒரு பர்மியருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை நாவலும் கதையும்தான் சொல்லும். மாமனாரிடம் சண்டை வேண்டாம். ஒரு நல்ல நாவலை அவர் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: வணக்கம் டீச்சர். சோழர்கள் பர்மாவை ஆண்டார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். எங்கள் கல்லூரி நண்பர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். ஆதாரம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? (மாணவர், மோலமைன்)

பதில்: தம்பி, ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் (கல்வெட்டில் வரும் புகழுரையில்) உள்ள கடாரம் என்ற ஊரைப் பழைய ஆய்வாளர்கள் சிலர் பர்மாவில் தேடியதுண்டு. மலேசியாவிலுள்ள கெடாதான் அது என்று பின்னால் வந்தவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். வீடியோக்காரர்கள் பழைய கருத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு ஆய்வு நூலை எடுத்தால் அது எந்த ஆண்டு வந்தது, அதற்குப் பிறகு வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று பார்த்தே ஆக வேண்டும்.

நீ பெருமைப்பட ஆண்டதற்கான ஆதாரம் தேவையில்லை. அதைவிட அழகான ஆதாரம் பாகனில் கிடைத்திருக்கிறது. மியின்கபா கிராமத்தில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, குலசேகர ஆழ்வாரின் முகுந்தமாலை சுலோகத்தோடு தொடங்கித் தமிழில் தொடர்கிறது. மலைமண்டலத்து மகோதயர்பட்டணத்திலிருந்து வந்த குலசேகர நம்பி என்பவர், 'புக்கம் ஆன அரிவத்தனபுரத்து' நானாதேசி விண்ணகர் கோயிலுக்கு ஒரு மண்டபம் கட்டி, கதவு போட்டு, எரிவதற்கு விளக்கும் கொடுத்தார் என்று அது சொல்கிறது. புக்கம் என்பது பாகன். நானாதேசிகள் பல தேசத்து வணிகர்கள். இன்றைய கேரளத்திலிருந்து வந்த ஒருவர், புத்த மன்னர்களின் தலைநகரத்தில், வணிகர்கள் எழுப்பிய விஷ்ணு கோயிலில் தமிழில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். படை எடுத்து வந்த அடையாளம் எதுவும் அதில் கிடையாது. அந்நிய வணிகருக்குக் கோயில் கட்ட இடம் கொடுத்த ஓர் ஊர் அதில் தெரிகிறது.

கல்வெட்டுகளைப் பதிப்பிக்கும் 'எபிகிராஃபியா இண்டிகா'வின் 7ஆம் தொகுதியில் ஹுல்ட்ஷ் இதைப் பதிப்பித்திருக்கிறார். இரண்டே பக்கம்தான், பயப்படாமல் படி. கூடவே பர்மிய ராஜவம்ச வரலாறான 'ஹ்மன்னன் யாசவின்' நூலையும் படி. பாஜிடோ மன்னர் 1829இல் அறிஞர்களைக் கூட்டி எழுதச் செய்தது. பே மவுங் டின்னும் லூசும் அதன் ஒரு பகுதியை 1923இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார்கள். கல்வெட்டு எழுதிய வணிகர் எதைக் கவனித்தார், அரண்மனை அறிஞர்கள் எதைக் கவனித்தார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உனக்கே சுவை பிடித்துவிடும். நண்பர்களிடமும் அந்த இரண்டு பக்கத்தைக் காட்டு, சிரிக்க மாட்டார்கள்.

கேள்வி: என் மகன் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். அவனுக்கு என்ன புத்தகம் வாங்கலாம்? (வாசகர், தட்டோன்)

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம் ஐயா. அவனுக்குப் பிடித்த கதை எதுவானாலும் ராத்திரி நீங்கள் சத்தமாகப் படியுங்கள், நல்ல கட்டம் வரும்போது நிறுத்திவிடுங்கள். 1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையானபின் எங்கள் தலைமுறைக்குத் தமிழ் வந்தது இப்படி வீட்டில்தான்.

கேள்வி: நீங்கள் சொல்கிற புத்தகங்கள் எங்கே கிடைக்கும்? விலை கொடுத்து வாங்க எல்லாராலும் முடியுமா? (வாசகர், மிங்கலா தாவுன்யூன்)

பதில்: முடியாது, எனக்கும் முடியாது. பன்சோடன் தெருவின் நடைபாதைக் கடைகளை முதலில் பாருங்கள். பழைய பர்மிய நாவல்கள் அங்கேதான் மலிவு. மழைக்காலத்தில் பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்திருப்பார்கள், கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். பர்மாவைப் பற்றிய ஆங்கில நூல்களுக்கு 37ஆம் தெருவிலுள்ள பகான் புக் ஹவுஸ்.

தமிழுக்குக் கைப்பேசிதான் வழி. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாக இருக்கின்றன. சாமிநாத சர்மாவின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, ஆகவே தாராளமாக இறக்கிக்கொள்ளலாம். கரண்ட் இருக்கும்போதே இறக்கி வைத்துவிடுங்கள்.

ஆய்வு நூலை வாங்க முடியாவிட்டால், கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு அதன் கடைசிப் பக்கங்களிலுள்ள நூற்பட்டியலை மட்டும் படம் எடுத்து வாருங்கள். சுனில் அம்ரித் 2013இல் எழுதிய 'கிராஸிங் தி பே ஆஃப் பெங்கால்' என்ற நூலில் நான் அப்படித்தான் தொடங்கினேன். 1840க்கும் 1940க்கும் இடையில் வங்கக்கடலை இரு திசையிலும் 2 கோடியே 80 லட்சம் பேர் கடந்தார்கள் என்கிறார் அவர். நம் கொள்ளுப்பாட்டன் பாட்டியெல்லாம் அதில் அடக்கம். அந்த நூலின் அடிக்குறிப்புகளில் ஒரு நாவல் வரும், ஒரு அரசு அறிக்கை வரும், ஒரு பழைய பத்திரிகை வரும். ஒவ்வொன்றாகத் தேடிப் போனால் ஒரு வருஷத்துக்குப் படிப்பு காணும். கடைக்காரரின் சிபாரிசைவிட நல்ல அடிக்குறிப்பை நான் நம்புகிறேன்.

கேள்வி: எங்கள் பரணில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே தாத்தா காலத்துப் பேரேடுகள், கடிதங்கள், யுத்தத்துக்கு முந்தைய தமிழ்ப் பத்திரிகைகள் சில. பூச்சி அரித்திருக்கிறது. எரித்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். (வாசகி, பெயர் வேண்டாம், பெகு பக்கம்)

பதில்: தயவுசெய்து எரிக்க வேண்டாம், அம்மா. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். மேலே நான் சொன்ன ஆய்வாளர்கள் எல்லாரும் அரசு அறிக்கைகளை வைத்து எழுதினார்கள். கடைக்குள் உட்கார்ந்து தமிழில் எழுதிய கணக்கு அவர்களில் அநேகம் பேருக்குக் கிடைக்கவில்லை. யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், எந்த மாதம் வசூல் நின்றது என்று உங்கள் பேரேட்டில் இருக்கலாம். பத்திரிகைகளும் அப்படியே. பின்னால் காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுத்த ஏ. கே. செட்டியார் ரங்கூனில் 'தனவணிகன்' ஆசிரியராக இருந்தவர். 'தனவணிகன்', 'ஜோதி' இதழ் ஒன்று கிடைத்தாலும் அது பெரிய விஷயம்.

பெட்டியை வெயிலில் காய வைக்காதீர்கள், தாள் நொறுங்கிவிடும். நிழலில், காற்றோட்டமான இடத்தில் திறந்து வையுங்கள். மெல்லிய தூரிகையால் தூசி தட்டுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டவே கூடாது, அதன் பசை தாளைத் தின்றுவிடும். லாமினேட் செய்யவும் கூடாது. அப்புறம் ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகக் கைப்பேசியில் படம் எடுங்கள், வெற்றுப் பக்கத்தையும் அட்டையையும் விடாமல். வரிசை மாறாதபடி எண் போட்டு வையுங்கள். கோட்டையூரில் ஒருவர் வீட்டில் சேர்த்த புத்தகங்களும் பத்திரிகைகளும்தான் 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக ஆயின. இப்போது உலகம் முழுதும் இருந்து ஆய்வாளர்கள் அங்கே வருகிறார்கள். உங்கள் பெட்டியைப் பற்றி அவர்களுக்கு எழுதிக் கேட்கலாம். கடிதம் எழுத நான் உதவி செய்கிறேன்.

எண்கள் எல்லாம் தமிழ் எண்களாக இருக்கும், பின்னங்களும் வரும். வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாவிட்டால் முதல் பத்துப் பக்கத்தின் படங்களை அலமாரிக்குக் கொண்டுவாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை நான் அங்கேதான் இருப்பேன், தமிழ் எண் வாய்பாடு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். உட்கார்ந்து படித்துப் பார்த்துவிடுவோம்.